விடை தெரிந்த ஊசல்

பி.எஸ்சி. முதலாண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போது ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையெழுத்துப் போட்டு நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது எழுந்து போவதில்லை. தனி ஊசல் சோதனையின் கடைசி வரியில் எல்லோருடைய விடையும் ஒன்றாகவே இருக்கிறது: புவியீர்ப்பு முடுக்கம் 9.8. ஒருவர் 9.79 என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 9.81 என்று. அதைத் தாண்டி யாரும் போவதில்லை. அந்த ஊசல்கள் ஆடிய விதத்தை அருகில் நின்று பார்த்தவன் நான். இரண்டாகப் பிளந்த தக்கைக்கு நடுவே நூலை வைத்து ஸ்டாண்டில் இறுக்குகிறார்கள். பித்தளைக் குண்டு தொங்குகிறது. மேசை விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு. மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறார்கள், பங்குனி வெயிலில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காமல் யாராவது மறுபடி போட்டுவிடுகிறார்கள். குண்டு ஒரே கோட்டில் ஆடாமல் முட்டை வடிவில் சுற்றத் தொடங்குகிறது. ஒருவர் எண்ண, மற்றவர் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறார். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே பக்கத்து மேசையிலிருந்து யாரோ ரப்பர் கேட்கிறார்கள். இத்தனையும் நடந்த அறையிலிருந்து நாற்பது நோட்டுகள் வந்து, நாற்பதிலும் 9.8 இருக்கிறது. அட்டவணையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பென்சில் அழித்த தடம் தெரிகிறது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக, விடை எங்கோ அச்சாகியிருக்கும் கேள்விகளுடன் மட்டுமே வாழ்ந்தவர்கள். நான்கு விடைகளில் ஒன்று கட்டாயம் சரியாக இருக்கும் என்பதை நம்பித்தான் நுழைவுத்தேர்வுக்குப் படித்தார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண்ணுக்கு, பிராக்டிக்கல் மதிப்பெண்ணில் இரண்டு குறைந்தால் அது வெறும் இரண்டு மதிப்பெண் அல்ல. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார் என்று சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவள் சொன்னது பெரும்பாலும் உண்மை. இந்த நிலையில் 9.6 என்று எழுதி நிற்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், அந்தத் துணிச்சலுக்கு நாம் எந்த மதிப்பெண்ணும் ஒதுக்கவில்லை. ஆகவே என் சங்கடம் மாணவர்களின் நேர்மை பற்றியது அல்ல. இயற்பியல் படித்தோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போகிறார்களே, அந்த அறையில் உண்மையில் எதைப் படித்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அழிந்துபோன எண்களில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ இரண்டு விநாடி. குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால், 'இருபது' என்று சொல்லும்போது பத்தொன்பது அலைவுகள்தான் முடிந்திருக்கும். அலைவு நேரம் 5 சதவீதம் குறைந்து, விடை 10.8 என்று வரும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் அதன் அடிவரை அளந்துவிட்டால், குண்டின் ஆரம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 9.88. குண்டை 20 பாகை இழுத்து விட்டால் அலைவு நேரம் முக்கால் சதவீதம் கூடி, விடை 9.63க்கு இறங்கும். பிழையான விடை ஒவ்வொன்றும் எந்த வழியாக வந்தது என்பதைத் தன்மேல் எழுதிக்கொண்டே வருகிறது. 10.8 உடன் வருபவரிடம் சுழியம் எங்கே தொடங்குகிறது என்று பேசலாம். 9.63 உடன் வருபவரிடம் இன்னும் நல்ல பேச்சு ஒன்று காத்திருக்கிறது: சிறிய கோணங்களுக்கு சைன் தீட்டாவைத் தீட்டா என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று கரும்பலகையில் போகிறபோக்கில் எழுதினோமே, அந்த வரி எந்த இடத்தில் முறிகிறது என்பதை அவர் தன் கையால் தொட்டிருக்கிறார். அவருக்கே அது தெரியாது. அழித்து 9.8 என்று எழுதிவிட்டதால் எனக்கும் தெரியாமல் போகிறது. 9.8 உடன் வருபவரிடம் எனக்குப் பேச ஒன்றும் கிடைப்பதில்லை.

இதைவிட ஆழமாக என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. 9.81 நாங்கள் இருக்கும் சென்னையின் விடையே அல்ல. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் 9.80665 என்ற எண், 1901இல் எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு ஒப்புக்கொண்ட திட்ட மதிப்பு. 45 பாகை அட்சரேகையை மனதில் வைத்து முடிவு செய்தது. நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. 13 பாகையில் இருக்கும் சென்னைக்கு ஏறத்தாழ 9.783 வரும், மதுரைக்கு இன்னும் ஒரு நூலிழை குறைவு. 9.81 பாரிஸின் எண். அதற்கும் சென்னைக்கும் வித்தியாசம் 0.027, கால் சதவீதத்துக்குச் சற்று மேல். ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் 40 விநாடியில் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாகத் தவறினாலே புவியீர்ப்பு முடுக்கமான ஜியின் மதிப்பில் ஒரு சதவீதம் பிசகிவிடும் என்பதால், ஒரு மாணவர் தனியாக இந்த வித்தியாசத்தைக் காண முடியாது. ஆனால் நாற்பது பேர் இருக்கிறார்கள். தாறுமாறாகக் கூடியும் குறைந்தும் வரும் கைப்பிழை, நாற்பது அளவீடுகளின் சராசரியில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். நீளத்தை ஒழுங்காக அளந்து, கோணத்தைச் சிறிதாக வைத்து, கண்டதைக் கண்டபடி எழுதிய நாற்பது நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், நாம் பாரிஸில் இல்லை என்பது அந்த அறையிலேயே தெரிந்திருக்கும். திருத்தி எழுதிய நாற்பது நோட்டுகளை எத்தனை முறை சேர்த்துப் பார்த்தாலும் தெரியாது.

நான் மிகைப்படுத்தவில்லை. இதே வித்தியாசத்தைத்தான் 1672இல் ழான் ரிஷே கண்டார். பாரிஸ் அறிவியல் கழகம் செவ்வாய்க் கோளைப் பார்ப்பதற்காக அவரைத் தென் அமெரிக்கக் கரையிலிருந்த கேயென் என்ற இடத்துக்கு அனுப்பியது. நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகை வடக்கே. பாரிஸில் விநாடி பிசகாமல் ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. விநாடிக்குச் சரியாக ஆட வேண்டுமானால் ஊசலை மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. எவ்வளவு எளிதாக அதை ஒதுக்கியிருக்கலாம். வெப்பநாடு, உலோகக் கம்பி நீண்டிருக்கும்; கப்பலில் கடிகாரம் அடிபட்டிருக்கும்; ஊசல் பாரிஸில் எவ்வளவு நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும், அதையே எழுதிவிட்டுச் செவ்வாயைப் பார்க்கலாம். ரிஷே அப்படிச் செய்யவில்லை. மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து, வந்த எண்ணையே எழுதிக்கொண்டு திரும்பினார். பாரிஸில் நம்பாதவர்கள் இருந்தார்கள். 1687இல் நியூட்டன் தன் பிரின்சிபியாவில் அந்த எண்ணுக்கு இடம் கொடுத்தார்: சுழலும் புவி நடுவில் பிதுங்கியிருக்கிறது, நிலநடுக்கோட்டருகே எடை குறைகிறது. பாரிஸுக்கும் கேயென்னுக்கும் உள்ள வித்தியாசம் 0.029. பாரிஸுக்கும் சென்னைக்கும் 0.027. பூமியின் வடிவத்தைச் சொன்ன அந்த எண்ணைத்தான் நம் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் ரப்பரால் அழிக்கிறார்கள்.

நம் நிலத்தில் இந்தக் கதைக்கு நீண்ட தொடர்ச்சி இருக்கிறது, வகுப்பில் யாரும் அதைச் சொல்வதில்லை. பெரும் முக்கோண நில அளவையைச் சேர்ந்த ஜேம்ஸ் பசேவி 1865 முதல் குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயம் வரை ஊசல்களைச் சுமந்து போனார். காற்றை வெளியேற்றிய கூண்டுக்குள் ஊசலை ஆடவிட்டு, ஊர் ஊராக ஈர்ப்பை அளந்தார். 1871இல் லடாக்கின் மோரே சமவெளியில், கடல்மட்டத்துக்கு 15,000 அடிக்கு மேலே அளந்தார். அதே ஆண்டு ஜூலையில் அந்த மலைகளிலேயே இறந்தார். அவ்வளவு பெரிய மலைத்திரளின் மேல் நின்றால் ஈர்ப்பு எவ்வளவு கூட வேண்டுமோ அவ்வளவு கூடவில்லை என்றது அவருடைய ஊசல். மலைகளுக்கு அடியில், ஆழத்தில், அடர்த்தி குறைந்த வேர் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு அந்த அளவீடுகள் வலுச் சேர்த்தன. தெற்கே வந்தால் இன்னும் பெரிய விஷயம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், துருவங்களில் தட்டையான சீரான கோளமாகப் புவியை வைத்துக் கணக்கிட்டால் இருக்க வேண்டிய மட்டத்தைவிட கடல்பரப்பு 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அது. நமது கடல், நமது கரையிலிருந்து தொலைவில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு 2023இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள்: பழைய டெத்திஸ் கடலின் தரைப்பாளங்கள் ஆழத்தில் புதைந்தது, ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து சூடான, அடர்த்தி குறைந்த பொருள் கிளம்பி வந்தது என்று 14 கோடி ஆண்டுகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னார்கள். அதுவே இறுதி விளக்கம் என்று நான் சொல்லமாட்டேன், விவாதம் நடக்கிறது. நான் கவனிப்பது ஒன்றைத்தான்: முதலாண்டுப் பாடத்தில் மாறிலி என்று எழுதிவைத்த ஜி, ஆய்வுக்களத்தில் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று. நிலத்தடி நீர் வற்றுவதைக்கூட இன்று செயற்கைக்கோள்கள் அதில் படிக்கின்றன. நாம் நிலையானது என்று மனப்பாடம் செய்யவைக்கும் எண்ணின் அசைவில்தான் இயற்பியல் உயிரோடு இருக்கிறது.

ஒரு மறுப்பு எனக்குள்ளேயே எழுகிறது, அதை லேசாக ஒதுக்க முடியவில்லை. தொடக்க மாணவர் எதையும் கண்டுபிடிக்க வரவில்லை, கையைப் பழக்க வந்திருக்கிறார். சரளி வரிசை பாடும் குழந்தை புது ராகம் தேடுவதில்லை; ஸ்வரம் எங்கே நிற்க வேண்டும் என்று குருவுக்குத் தெரியும், அதனால்தான் குழந்தையைத் திருத்த முடிகிறது. விடை தெரிந்த சோதனையால்தான் பிழையைக் கண்டுபிடிக்க முடியும் என்பது சரியான வாதம். சற்று முன் 10.8, 9.63 என்று நானே எழுதியதும் 9.78 தெரிந்திருந்ததால்தான். ஆனால் பாட்டுக் குழந்தை தவறிய ஸ்வரத்தைக் குருவின் காதுக்கு முன்னால் பாடிவிடுகிறது, மறைக்க வழியில்லை. ஆய்வுக்கூடத்தில் விடை, பிழையைக் காட்டும் வேலையை விட்டுவிட்டு, பிழையை மூடும் வேலைக்குப் போய்விட்டது. முதலாண்டில் தொடங்கும் இந்தப் பழக்கம் மேலே போகப்போகக் குறைவதில்லை. நியூட்டன் வளையங்கள், நிறமாலைமானி, லீ தட்டு, முறுக்கு ஊசல், எல்லாவற்றுக்கும் கடைசிப் பக்கம் முன்பே தெரியும். எம்.எஸ்சி.யில் குவாண்டம் இயங்கியல் வந்தாலும் ஹைட்ரஜன் அணுவுக்குத் தீர்வு இருக்கிறது, கிரிஃபித்ஸ் பாடநூலின் கணக்குகளுக்கு விடைத்தொகுப்பு கைமாறுகிறது. பிறகு நெட், கேட், நேர்காணல். அதையும் கடந்து பிஎச்.டி.க்குச் சேர்ந்த ஒருவர் முதல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போய், "சார், இது சரியா?" என்று கேட்கிறார். "எனக்கும் தெரியாதுப்பா, பார்ப்போம்" என்கிறார் அவர். மிகத் திறமையான பிள்ளைகள் அந்தப் பதிலில் கலங்கிப்போய் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கணிதம் போதாமல் இல்லை. யாரிடமும் விடை இல்லாத அறையில் ஓர் எண்ணை நம்பிக் கையில் வைத்திருப்பது எப்படி என்பதை யாரும் அவர்களுக்குப் பழக்கவில்லை.

அனுபவம் முதிர்ந்தவர்களுக்கும் இது எளிதல்ல. ஒளியின் வேகத்தை வாழ்நாளெல்லாம் அளந்த மைக்கேல்சன், கலிஃபோர்னியாவில் ஒரு மைல் நீளக் குழாயில் காற்றை வெளியேற்றிக் கடைசிச் சோதனையைத் தொடங்கினார்; 1931இல் அவர் இறந்தபின் உடன் பணியாற்றியவர்கள் அதை முடித்து 1935இல் வெளியிட்டார்கள்: விநாடிக்கு 2,99,774 கிலோமீட்டர். அடுத்த சில ஆண்டுகளில் வேறு கருவிகளால் வேறு ஆட்கள் அளந்ததும் அதை ஒட்டியே வந்தது. 1941இல் எல்லாவற்றையும் தொகுத்த பர்ஜ் 2,99,776 என்று முடிவு செய்தார், பிழை 4 கிலோமீட்டருக்குள் என்றார். 1950 வாக்கில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எசன், உலோக உருளைக்குள் நுண்ணலைகளை அதிரவைத்து அளந்தபோது 2,99,792.5 வந்தது. இன்று நாம் ஏற்றிருப்பது 2,99,792.458. அதாவது, சொல்லப்பட்ட பிழையைப்போல நான்கு மடங்கு விலகி, எல்லோரும் ஒரே பக்கம் நின்றிருந்தார்கள். யாரும் பொய் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். நடப்பது இதுதான்: எதிர்பாராத எண் வந்தால் கருவியில் குறை தேடுகிறோம், தேடினால் ஏதாவது கிடைக்கும், திருத்துகிறோம். எதிர்பார்த்த எண் வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். எங்கே நிறுத்துகிறோம் என்பதில் தெரிந்த விடை புகுந்துகொள்கிறது. என் மாணவர்கள் ரப்பரால் செய்ததைக் கற்றறிந்தவர்கள் கவனத்தால் செய்தார்கள்.

அதனால்தான் இன்றைய பெரிய சோதனைகள் விடையைத் தங்களிடமிருந்தே ஒளித்துவைக்கப் பாடுபடுகின்றன. ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ குழுவில், சிலர் மட்டும் ரகசியமாகக் கண்ணாடிகளை அசைத்துப் போலியான ஒரு சமிக்ஞையை நுழைத்ததுண்டு, மற்றவர்களுக்கு அப்படி நடக்கலாம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. 2010 செப்டம்பரில் அருமையான ஒரு சமிக்ஞை வந்தது. மாதக்கணக்கில் அலசி, கட்டுரையையே எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஆர்கேடியாவில் கூடி, ரகசியத்தை வைத்திருந்த உறையைப் பிரித்தார்கள்: போலி. உழைப்பு வீணானதாக அவர்கள் கருதவில்லை. தங்களால் காண முடியும் என்பதையும், கண்டதை அளவோடு சொல்ல முடியும் என்பதையும் சோதித்துக்கொண்டார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று உண்மையான அலை வந்தபோது முதலில் எழுந்த கேள்வியே, இது நாமே நுழைத்ததா என்பதுதான். அந்தக் கண்ணாடிகள் ஊசல்கள் என்பதை முதலாண்டு வகுப்பில் சொல்லும்போது சில முகங்கள் நிமிரும். 40 கிலோ எடையுள்ள கண்ணாடி, 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கா இழைகளில், ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு ஊசல்களின் கடைசியில் தொங்குகிறது. நூலின் மேல்முனையை விரலால் வெகுவேகமாக ஆட்டினால் குண்டு ஏறக்குறைய அசையாமல் நிற்பதை எந்த மாணவரும் மேசையிலேயே பார்க்கலாம், நிலத்தின் அதிர்விலிருந்து கண்ணாடியைக் காப்பதும் அதே இயல்புதான். ஃபெர்மி ஆய்வகத்தில் மியூவான் துகளின் காந்தப் பண்பை அளந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். அவர்களுடைய அளவீட்டுக் கடிகாரம் உண்மையில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது குழுவுக்கு வெளியே இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. எல்லாப் பகுப்பாய்வும் முடிந்தபிறகே உறை பிரிந்தது. 2021இல் வந்த விடை கோட்பாட்டுக் கணிப்பிலிருந்து விலகி நின்றது. 2025இல் இறுதி அளவீடு வந்தபோதும் எண் இடம் மாறவில்லை. இதற்கிடையே கோட்பாட்டாளர்களின் கணிப்பு வேறு முறையில் திருத்தப்பட்டு அளவீட்டை நெருங்கிவிட்டது. புதிய இயற்பியல் கிடைக்கவில்லையே என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு நிறைவு: விடை என்று கருதியது நகர்ந்தது, கண்ணைக் கட்டிக்கொண்டு அளந்த எண் நின்றது.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா வரப்போகிறது. 2023இல் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. இன்று என் மேசைகளில் தக்கைக்கு நடுவே நூலை இறுக்கும் பிள்ளைகளில் சிலர் அங்கே போய் நிற்கக்கூடும். அவர்களுக்காகப் பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நண்பர்களிடம் கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு சோதனையையாவது, ஆசிரியருக்கும் விடை தெரியாததாக வையுங்கள். பெயர் சொல்லாத உலோகத்தில் ஒரு கம்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பெட்டி, அதற்குப் பெரிய செலவில்லை. அளவீடுகளைப் பேனாவால் நேரடியாக எழுதச் சொல்லுங்கள், அடித்தால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கட்டும், கீழே இருக்கும் எண் தெரிய வேண்டும். வகுப்பிலுள்ள எல்லோருடைய ஜியையும் கரும்பலகையில் வரிசையாக எழுதி அதன் பரவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள். பிராக்டிக்கல் தேர்வின் மதிப்பெண் பங்கீட்டில், புத்தக விடைக்கு எவ்வளவு அருகில் வந்தார் என்பதற்கு இருக்கும் மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, அதைத் தன் பிழை எவ்வளவு என்று மாணவர் கணக்கிட்டு எழுதும் வரிக்குக் கொடுங்கள்.